ராய்ஸ் டால்பட்டின் நூறாவது வெற்றி

டக்கர் ஸ்பிரிங்ஸ், அலபாமா
12 செப்டம்பர் 1983

அன்புத் தங்கை கார்லாவுக்கு,

நான் நலம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் காலையும் மாலையும் பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் கத்துகிற கத்தலில் ஒரு காது மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். நீயும் லாமரும் என் செல்லம் ட்ரூடியும் சுகமா? அவளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருக்குமே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உங்கள் கார்ட்ரைட் கல்லூரி ஃபுட்பாலில் ஐம்பத்தாறுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்ததாம். யாரை? ஒரு வேதாகமக் கல்லூரியை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பாதிரியார் ஆகப் படிக்கிறவர்கள். அவர்கள் தலையில் ஐம்பத்தாறு புள்ளியை ஏற்றிவிட்டு, உங்கள் கோச் ராய்ஸ் டால்பட் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்குக் காட்டுகிறார். கூச்சமே இருக்காதா அந்த மனிதருக்கு?

வருடா வருடம் இதே கதைதான். செப்டம்பரில் மூன்று கோழிக்குஞ்சுகளை வரவழைத்துக் கழுத்தைத் திருகுவார். அக்டோபரில் ஒரு பருந்து வந்ததும் பதுங்கிக்கொள்வார். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கணக்கு அழகாக இருக்கும். பத்திரிகைக்காரர்கள் 'மாபெரும் பயிற்சியாளர்' என்று எழுதுவார்கள். இப்போது தொண்ணூற்றாறு வெற்றியாம். நூறு வந்ததும் சிலை வைக்க மைதான வாசலில் இடம்கூடப் பார்த்துவிட்டார்களாம். அந்தத் தொண்ணூற்றாறில் நம் ஊர் பெல்மோர் கல்லூரியை எத்தனை முறை ஜெயித்திருக்கிறார் தெரியுமா? இரண்டு. அதில் ஒன்று கொட்டுகிற மழையில், பந்து வழுக்கியதால்.

நம் பெல்மோர் என்றுதான் எழுதுவேன். கார்ட்ரைட்டில் படிக்கப் போய், அங்கேயே ஒரு ஆட்டக்காரனைக் கட்டிக்கொண்டால் ரத்தமா மாறிவிடும்? லாமரைச் சொல்லவில்லை. பந்தை எறிகிறவன்மேல் யாரும் விழாதபடி முன்னால் நின்று முட்டி மோதுகிறானே, அதுதான் வேலை. பந்தை ஒருநாளும் தொடுவதில்லை, பெயரும் கிடைப்பதில்லை. அவன் மாதிரி ஆட்கள்மேல் ஏறி நின்றுதான் டால்பட் உயரமாகத் தெரிகிறார்.

இன்னொன்று. புதன்கிழமை ரேடியோவில் டால்பட் நேயர்களின் போனுக்குப் பதில் சொல்கிறார் அல்லவா? போன புதன் நான் கூப்பிட்டேன். "ஹார்லன்வில்லேருந்து எத்தல் பேசறேன்"னு கிழவிக் குரலில் ஆரம்பித்து, "கோச், அடுத்த வாரம் எந்தப் பாலர் பள்ளியோட மோதப் போறீங்க?" என்று கேட்டேன். "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கம்மா"ன்னு சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் பஸ் நிலையத்தில் எனக்குக் கைதட்டல். இனி ஒவ்வொரு புதனும் எத்தல் பேசுவாள்.

ட்ரூடிக்கு ஆயிரம் முத்தம்.
உன் அக்கா வெர்னா


ஹார்லன்வில், அலபாமா
20 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ட்ரூடிக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. இரண்டு நாள் உடம்பு சுட்டது. பல் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் நான் எழுந்து எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

எத்தல் யாரென்று முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் மனைவிகள் ஐந்து பேரும் என் வீட்டில்தான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். ஷெர்லின், "யாருடி இந்தக் கிழட்டுச் சனியன்"னு கேட்டாள். ட்ரூடிக்குத் துணி மாற்றுகிற சாக்கில் நான் உள்ளே ஓடிவிட்டேன். தயவுசெய்து நிறுத்திக்கொள். ஒருநாள் கண்டுபிடித்தால் லாமருக்குத்தான் தலைகுனிவு.

கோச்சைப் பற்றி நீ எழுதுவது அநியாயம். ட்ரூடி பிறந்த அன்று அவரும் அவர் மனைவியும் ஒரு முழுப் பன்றித்தொடையை வாட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். லாமரை "மகனே" என்றுதான் கூப்பிடுவார். அப்பா இல்லாமல் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. சின்னக் கல்லூரிகளோடு எல்லோரும்தான் ஆடுகிறார்கள். உங்கள் பெல்மோர் போன வருடம் ஒரு விவசாயக் கல்லூரியை அடித்துத் துவைக்கவில்லையா?

லாமருக்கு இதுதான் கடைசி வருடம். மே மாதம் பட்டம் வாங்கிவிட்டால் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. மூன்று பேரும் சொந்தமாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம். இப்போது பயிற்சி முடிந்து மிகவும் களைத்து வருகிறான். இந்த வாரம் ட்ரூடியைத் தூக்கவே இல்லை. உட்கார்ந்த பிறகு நான் மடியில் வைத்தால் கொஞ்சுவான்.

உன் காதுக்கு எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு.
அன்புடன்,
கார்லா


டக்கர் ஸ்பிரிங்ஸ்
10 அக்டோபர்

அன்புள்ள கார்லா,

காது பரவாயில்லை. ட்ரூடியின் பல் முழுசாக வந்துவிட்டதா?

சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இத்தனைக்கும் அது எங்கள் அணிகூட இல்லை. கடைசி நிமிடம். உங்கள் பிள்ளைகள் மைதானம் முழுக்க முட்டி மோதிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு புள்ளிதான் குறைச்சல். பந்தை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். துணிந்து இன்னொரு முறை கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, வெற்றி. எதிரணி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து "விடுங்க கோச், விடுங்க கோச்" என்று கெஞ்சுகிறார்கள், டிவியிலேயே தெரிகிறது. அந்த மகானுபாவர் என்ன செய்தார்? உதைக்கிறவனை அனுப்பினார். சமன். கேட்டால், "நாங்க தோக்கலையே" என்கிறார். அவர் கணக்கில் தோல்வி ஏறக்கூடாது. அதற்காக அறுபது பிள்ளைகளின் வெற்றியைக் காலால் எட்டி உதைத்துவிட்டார். இவருக்குச் சிலை வேறு.

வருகிற புதன்கிழமை எத்தல் இதைத்தான் கேட்பாள். கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் டால்பட் டிவியில் ஆட்டத்தைத் திரும்பப் போட்டு விளக்குவாரே, அதை எங்கள் வீட்டில் எட்டு பெல்மோர்க்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிறோம். உங்கள் ஊரில்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்கள். எங்கே தப்பு என்று ஒவ்வொரு மூலையையும் துழாவுகிறோம். அப்படித் துழாவியபோது ஒன்று கண்ணில் பட்டது. லாமர், அறுபத்து நாலாம் எண், ஒவ்வொரு முறையும் எல்லோரும் எழுந்த பிறகுதான் எழுகிறான். எழுந்ததும் இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறான், ஏதோ வேறு யாருடைய கையோ மாதிரி.

சும்மாதான் கேட்கிறேன். அவனுக்கு ஒன்றுமில்லையே?

அக்கா


ஹார்லன்வில்
24 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். வேலை அதிகம். ட்ரூடிக்கு இரண்டாவது பல் வந்துவிட்டது. தவழவும் தொடங்கிவிட்டாள். நாற்காலிக் காலையெல்லாம் கடிக்கிறாள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அவளுக்குச் சரியாக இருக்கிறது.

வெண்ணெய் அவரையை எவ்வளவு நேரம் ஊறவைப்பாய்? நான் செய்தால் தோல் கடினமாகவே இருக்கிறது. லாமருக்கு இப்போதெல்லாம் கரண்டியால் சாப்பிடுகிற மாதிரி எதையாவது செய்துகொடுத்தால்தான் பிடிக்கிறது.

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டோம் என்று உனக்குச் சந்தோஷமாக இருக்கும். கோச் மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறார். நூறுக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
கார்லா


டக்கர் ஸ்பிரிங்ஸ்
28 அக்டோபர்

கார்லா,

அவரையை ராத்திரி முழுக்க ஊறவை. உப்பைக் கடைசியில் போடு.

நான் கேட்டது ஒன்று. நீ எழுதியது பல்லும் அவரையும். என் பத்து வயதிலிருந்து உன்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டவள் நான். நீ எதைச் சொல்லாமல் விடுகிறாய் என்பது நீ சொல்வதைவிட எனக்குச் சத்தமாகக் கேட்கும். கறியை வெட்டிச் சாப்பிடுகிறவன் ஏன் கரண்டிக்கு மாறினான்?

எங்கள் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் ஓடெல் கிரைடர் இருக்கிறார். பெல்மோருக்கு லாமர் நிற்கிற அதே இடத்தில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். வழக்கமாக டால்பட் வாயைத் திறந்தாலே கேலி செய்கிறவர், அறுபத்து நாலைப் பார்த்ததும் கேலியை நிறுத்திவிட்டார். "வெர்னா, அது கை இல்லை. கழுத்து. முட்டும்போது நரம்பு நசுங்குது. ஒரு கைன்னா ஒதுங்கி இருந்து தேத்திக்கலாம். ரெண்டு கையும் போச்சுன்னா அன்னிக்கே ஆட்டத்தை விட்டுடணும்"னு சொன்னார். இவ்வளவையும் அவர் என் பக்கம் தலையைத் திருப்பிச் சொல்லவில்லை. அவரால் தலையைத் திருப்ப முடியாது. நாற்காலியோடு உடம்பு முழுவதையும் திருப்பினார்.

கார்லா, ஒரு கையா, இரண்டு கையா?

அக்கா


ஹார்லன்வில்
1 நவம்பர்

அக்கா,

ட்ரூடி தூங்குகிறாள். லாமரும் தூங்குகிறான். இதை எழுதுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆமாம், நீ கேலி செய்த அந்த வேதாகமக் கல்லூரி ஆட்டத்தில்தான். ஐம்பது புள்ளிக்கு மேல் போன பிறகும் முதல் வரிசை ஆட்களை வெளியே எடுக்கவில்லை. அப்போது பட்டது. இடது கையில் நெருப்பு ஓடுகிற மாதிரி இருக்கும், பிறகு மரத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அணி டாக்டர் நரம்புச் சுளுக்கு என்றார். கழுத்துக்கு ஒரு தடித்த பட்டை கொடுத்தார்கள். அக்டோபரிலிருந்து ஆட்டத்துக்கு முன் ஊசியும் போடுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் கேட்டேன். "எடுத்தா எதையாவது காட்டும். அப்புறம் ஆட விடமாட்டாங்க"ன்னு லாமர் சொன்னான்.

ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். ஸ்காலர்ஷிப் வருடா வருடம் கோச் கையெழுத்தில்தான் நிற்கிறது. இந்த வீடு அதனால் வந்தது. ட்ரூடியைக் காட்டுகிற டாக்டரும் அதனால்தான். ஆனால் லாமர் அதற்காக மட்டும் ஆடவில்லை. கோச் "மகனே" என்று கூப்பிடுகிறாரே, அதற்காக ஆடுகிறான்.

சனிக்கிழமை ஜெயித்தோம் அல்லவா, தொண்ணூற்றொன்பது. அந்த ஆட்டத்தில் இரண்டு கையும் போய்விட்டது, அக்கா. சாயங்காலம் வரை உணர்வு திரும்பவில்லை, விரல்களுக்கு இன்னும் பிடி வரவில்லை. நேற்று கோச் வீட்டுக்கு வந்தபோது நான் லாமரின் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். கோச் வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகியும் இப்படிக் கவனிக்கிற பொண்டாட்டி எங்களுக்கெல்லாம் கிடைக்கலைப்பா"ன்னு சிரித்தார். அவர் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு மகனே, அந்த நூறுல உன் பேரும் இருக்கும்" என்றார். லாமரும் சிரித்தான்.

நீ யாரிடமும் சொல்லாதே. இங்கே போனும் செய்யாதே. இந்தக் குடியிருப்புக்கே துணி துவைக்கிற அறையில் ஒரு போன்தான், யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நான் என்ன செய்வது?

கார்லா


டக்கர் ஸ்பிரிங்ஸ்
3 நவம்பர்

கார்லா,

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று புதன்கிழமை. நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் நேரே போய் டால்பட்டின் ரேடியோவுக்கே போன் போட்டேன். கிழவிக் குரல் இல்லை, என் சொந்தக் குரலில், என் சொந்தப் பெயரில். போன் எடுக்கிற ஆள், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "எத்தல் பாட்டி, இன்னிக்கு என்ன, சின்னப் பொண்ணு வேஷமா?" என்றான். "விளையாட்டு இல்லைய்யா, ஒரு ஆட்டக்காரனோட உயிர் விஷயம்" என்றேன். "போன வாரம் கோச்சோட உயிர் விஷயம்னு சொன்னீங்க" என்று வைத்துவிட்டான். பதினோரு முறை கூப்பிட்டேன். கடைசியில் எடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் அந்த மனிதரை நாறடிக்கிறேன் என்று வேடிக்கை காட்டினேன். கேட்கவேண்டிய ஒரே கேள்வி வந்த நாளில் என் குரலுக்கு மதிப்பில்லை. என்மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி, கீழே டக்கர் ஸ்பிரிங்ஸ் என்று முகவரி போட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது. பெல்மோர் ஊரிலிருந்து, பெல்மோரோடு மோதுகிற மாதத்தில், கார்ட்ரைட்டின் நல்ல ஆட்டக்காரனை உட்காரவைக்கச் சொல்லி ஒருத்தி எழுதுகிறாள். படித்துவிட்டுச் சிரித்துக் குப்பையில் போடுவார்கள். இருந்தாலும் தபாலில் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அவனை ஆட விடாதே. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. காலில் விழு. வீட்டுச் சாவியை ஒளித்துவை. என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, மூன்று பேரும் நாளைக்கே கிளம்பி வந்தாலும் சரி. பெல்மோர்க் கொடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

அக்கா


ஹார்லன்வில்
13 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ட்ரூடி சுகம். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமை லாமர் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டான். ஆடினான். தோற்றோம். மறுபடி இரண்டு கையும். இந்த முறை வலது கால் விரல்களிலும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல என்னைப் பார்த்தான்.

புதன்கிழமை நான் ட்ரூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குப் போனேன். ஷெர்லின் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. சரி என்று அவள் முன்னாலேயே எண்ணைச் சுழற்றினேன். எத்தனை பேர் காத்திருந்தார்களோ தெரியாது, "லாமர் பிக்கெட்டோட மனைவி" என்றதும் அந்த ஆள், "அடடா, அறுபத்து நாலோட வீட்டம்மாவா, இருங்க இருங்க" என்று நேரே கோச்சிடம் கொடுத்துவிட்டான். மனைவிகள் கூப்பிட்டால் பாராட்டத்தான் கூப்பிடுவார்கள்.

"கார்லா கண்ணு, குட்டிப் பாப்பா எப்படி இருக்கா?" என்றார் கோச்.

"அவ நல்லா இருக்கா கோச். லாமர்தான் நல்லா இல்லை. ரெண்டு ஆட்டமா அவருக்கு ரெண்டு கையும் மரத்துப்போகுது. இப்ப காலும். கழுத்துல ஊசி போட்டு இறக்கறீங்க. ஒரு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

கோச் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு, இதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசிக்கிற விஷயம்."

"குடும்பம்னுதான் நானும் நினைச்சேன். நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டுக்கிட்டிருந்தேன். நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டுச் சிரிச்சீங்க."

"லாமர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொல்ல மாட்டார். அவருக்கு உங்களைப் பிடிக்கும்."

அதற்குள் டயர்க் கடை விளம்பரம் போட்டுவிட்டார்கள். போனை மாட்டினேன். ஷெர்லின் மடித்த துணியை அப்படியே கூடையில் அள்ளிக்கொண்டு, என்னைத் தொடாமல் சுவரோரமாக வெளியே போனாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்தே ஒரு கார் வந்து லாமரை பர்மிங்ஹாமுக்கு அழைத்துப் போனது, வெளி டாக்டரிடம். நானும் ட்ரூடியும் கூடப் போனோம். அவனுக்குப் பிறவியிலேயே கழுத்தெலும்புக்குள் நரம்புத் தண்டு போகிற வழி குறுகலாம். இந்த வருட அடியில் உள்ளே வீங்கி, இருந்த இடமும் போய்விட்டதாம். இன்னும் ஒரு மோதல் சரியான கோணத்தில் விழுந்திருந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார் டாக்டர். "இந்தக் கழுத்தோட யாரு இவனை இத்தனை ஆட்டம் இறக்குனது?" என்று கேட்டார். ஆட்டம் அவ்வளவுதான், இனி எப்போதும் இல்லை. கைகள் மெல்லத் தேறும் என்று சொல்கிறார்.

திரும்பி வரும்போது லாமர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை பேசினான். "ஊரே கேக்கற மாதிரி என்னை உக்கார வெச்சுட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான். சொல்லியிருந்தால் விட்டிருப்பானா? அதை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

கார்லா


டக்கர் ஸ்பிரிங்ஸ்
28 நவம்பர்

அன்புள்ள கார்லா,

அடுத்தடுத்து இரண்டு கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து பதிலில்லை. குழந்தை நலம்தானே? அவன் கை எப்படி இருக்கிறது? இதையாவது எழுது.

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். பெல்மோர் மூன்று புள்ளியில் தோற்றது. டால்பட்டுக்கு நூறு. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று காலைப் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க அவர் முகம். உள்ளே எங்கோ ஒரு மூலையில், 'உடல்நலக் காரணத்தால் பிக்கெட் ஆடவில்லை' என்று ஒரு வரி. உடல்நலக் காரணமாம். மழை பெய்ததால் என்பது மாதிரி எழுதியிருக்கிறார்கள். யார் பெய்வித்த மழை என்று எழுத ஒருவனுக்கும் பேனா இல்லை. மேலும் ஐந்து வருடத்துக்கு அவரையே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? ஆட்டத்தில் நான் பந்தையே பார்க்கவில்லை. லாமர் இடத்தில் எழுபத்தொன்று என்று ஒரு புதுப் பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள், முதலாம் ஆண்டுக்காரனாம், புரூயிட். அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தால் எழுகிறானா, எழுந்தால் கையைப் பிடிக்கிறானா என்று. நம் அணி தோற்றது பக்கத்தில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

லாமர் பேசினானா?

அக்கா


ஹார்லன்வில்
5 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ட்ரூடி நலம், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். லாமரின் இடது கையில் இரண்டு விரல் தவிர எல்லாவற்றிலும் உணர்வு திரும்பிவிட்டது. மே மாதம் வரை இந்த வீட்டில் இருக்கலாம், ஸ்காலர்ஷிப்பும் உண்டு என்று கல்லூரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்துவிடக் கூடாது என்ற பயம்தான், வேறென்ன. கோச் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. லாமர் இரண்டு வாரம் வாசலில் கார் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றான். அதைப் பார்க்க எனக்கு வந்த கோபத்தில், அந்த நூறையும் தெருவில் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் இல்லாததால்தான் எழுதவில்லை. லாமர் சோபாவில்தான் படுக்கிறான். உப்பு எங்கே, குழந்தை எங்கே, அதற்கு மேல் பேச்சில்லை. மனைவிகள் யாரும் வருவதில்லை.

நேற்று சாப்பிடும் நேரத்தில் கதவு தட்டினார்கள். திறந்தால் ஷெர்லின். "உனக்குப் போன்"னு சொன்னாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது மூன்று வாரத்தில் அதுதான் முதல் முறை. ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்தானோ என்னவோ, லாமரும் ட்ரூடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

போனில் ஒரு பெண். மிசிசிப்பியிலிருந்து பேசுகிறார். "ரேடியோவுல பேசுனது நீதானாம்மா? நான் புரூயிட்டோட அம்மா. உன் வீட்டுக்காரர் இடத்துல இப்ப என் பிள்ளைதான் நிக்கிறான். வாராவாரம் கேக்கறேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்றான். நான் அவன்கிட்ட என்னன்னு கேக்கணும்? எதைக் கேட்டா தெரியும்?"

அவர் பேசிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். லாமர் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு போனை வாங்கினான்.

"அம்மா, லாமர் பேசறேன். எதுவும் கேக்காதீங்க. எப்படிக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வான். நானும் அதேதான் சொன்னேன், இவகிட்ட, டாக்டர்கிட்ட, கோச்கிட்ட. பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். கேட்டவங்கள்ல இவ ஒருத்திதான் நம்பலை. போன்ல தெரியாதும்மா, நேர்ல வாங்க. வந்து ரெண்டு நாள் இருந்து அவன் சாப்பிடறதையும் எழுதறதையும் பாருங்க. எக்ஸ்ரே எடுக்காம இனிமே இறங்கக்கூடாதுன்னு கோச் முகத்துக்கு நேரா நீங்க சொல்லுங்க. நானும் கூட வர்றேன்."

அந்த அம்மா எங்கே தங்குவது என்று கேட்டிருக்க வேண்டும். "ஓட்டலெல்லாம் வேண்டாம், எங்க வீட்டுக்கே வாங்க" என்றான் லாமர். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சோபா காலியாத்தான் இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை வருகிறார். சோபா உறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
கார்லா